பவாக்கா வீட்டுப் பின் அறைச் சத்தம்

1

போன கிழமை எங்கள் கந்தோரில் எனக்கு ஒரு கொண்டாட்டம் நடந்தது. வேலையில் சேர்ந்து பத்து வருடமாகிவிட்டதாம். டென்மார்க்கில் யாரைக் கொண்டாடுகிறார்களோ அவர்தான் கேக் கொண்டுபோக வேண்டும். வந்த புதிதில் இது பெரிய அநியாயமாகப் பட்டது. நாய் வேசம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்? விடிய எழும்பி ரவைக் கேக் செய்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேலாளர் பென்ட் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து நின்றார். "கௌரி நன்றாகக் கேட்பாள்" என்றார். பிறகு மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சு அவ்வளவுதான். நம்மூர் மேடைகளில் வளர்ந்தவர்களுக்கு இது அவமானம் போலத் தெரியும். ஆனால் எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. 

என் வேலை சத்தம் அளப்பது. வன்னியில் எங்கள் ஊரான விசுவமடுவில் இதைச் சொன்னபோது ஒரு மாமி கேட்டார்: "அங்க அவ்வளவு சத்தமோ பிள்ளை?"

"இல்லை மாமி, அங்க ஒரு சத்தமும் இல்லை. அதாலதான் கொஞ்சம் கேட்டாலும் அளக்கச் சொல்லீனம்."

"அதுக்கும் சம்பளம் தாறாங்களோ?" என்று வியந்தபடி மாமி போய்விட்டார். மாமி கேட்டதில் தப்பில்லை, நானே சில நாட்களில் அப்படி நினைப்பதுண்டு.

ஆனால் நாங்கள் அளப்பது சாதாரணச் சத்தம் அல்ல. லவுட்ஸ்பீக்கர், ஹோர்ன், குழந்தை அழுகை எல்லாம் எவருக்கும் கேட்கும், அதற்கு ஆள் தேவையில்லை. பால் தொழிற்சாலை, பாண் சுடுகிற வெதுப்பகம், குளிரூட்டும் அறை என்று வீடுகளுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓடுகிற பெரிய இயந்திரங்களிலிருந்து ஒரு அடிச்சத்தம் கிளம்பும். அது காதுக்குக் கொஞ்சமும் நெஞ்சுக்கு மிச்சமுமாகக் கேட்கும். நிலத்தாலும் சுவராலும் ஊர்ந்து வரும். ஒரே வீட்டில் ஒருவருக்குக் கேட்கும், மற்றவருக்குக் கேட்காது. அதனால் கேட்கிறவர்தான் பொய்யர் ஆகிவிடுவார்.

2

நான் முதன்முதலில் தனியாகப் போன வீட்டை மறக்க மாட்டேன். கிர்ஸ்தன் என்று ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை. பக்கத்தில் ஒரு வெதுப்பகம். இரண்டு தடவை முறைப்பாடு எழுதி, இரண்டு தடவையும் "ஆராய்ந்தோம், ஒன்றும் இல்லை" என்று மறுமொழி வந்திருந்தது.

கதவைத் திறந்தவர் என்னை நேரே படுக்கையறைக்குக் கூட்டிப்போய்த் தலையணையைக் காட்டி, "இதில் தலையை வை" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முன்பின் தெரியாத வீட்டில், முதல் நாளே, வீட்டுக்காரியின் தலையணையில் தலை வைப்பதா? எங்கள் வீட்டில் விருந்தாளி படுக்கையறையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். முன் ஹோலில் நடுவில் ஒரு கதிரை, மேலே மின்விசிறி, கையில் சோடா. அங்கேயே இருந்து அங்கேயே எழும்பிப் போவார். ஆனாலும் வேலை வேலைதானே. வைத்தேன்.

கேட்டது. வெளியே யாரோ லொறியை ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு இறங்கிப் போன மாதிரி இருந்தது. எழும்பி ஜன்னலால் பார்த்தேன். லொறி இல்லை. கிர்ஸ்தன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "லொறி மாதிரி" என்றேன். அவர் கட்டிலின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, "ஆம், லொறி மாதிரி" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். டெனிஷ்காரர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு ஒரு பாடம் படித்தேன். கருவியைத் திறப்பதற்கு முதல், அவர்கள் காட்டுகிற இடத்தில் நீ போய் இரு. அடிச்சத்தம் அறை முழுக்க ஒரேயளவாக இருக்காது. நடுவில் அனேகமாக ஒன்றுமே இராது. மூலையில், சுவரோரத்தில் போய்க் குவியும். முன்பு வந்தவர்கள் அறையின் நடுவில் நின்று கையை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த அறிக்கையில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். டெனிஷ் மொழியில் நாற்பத்தைந்தை "ஐந்தும் நாற்பதும்" என்றுதான் சொல்வார்கள். பென்ட் வாசிக்க வாசிக்க நான் கேட்டபடியே எழுதினேன். ஐந்தை முதலில் எழுதி நாலைப் பின்னால் எழுதியதில் நாற்பத்தைந்து ஐம்பத்து நாலாகிவிட்டது. அந்த அதிர்வெண்ணை வைத்துத்தான் எந்த இயந்திரத்தின் சத்தம் என்று பிடிப்போம். வெதுப்பகத்துக் குளிரூட்டி தப்பிவிட, பாவம், எங்கேயோ இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பி மாட்டிக்கொண்டது. பம்பிக்குச் சொந்தக்காரர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிய பிறகுதான் பிழை பிடிபட்டது. இப்போதும் எண்களை நான் மனதுக்குள் தமிழில் ஒருதரம் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுவேன்.

3

பவாக்கா என் மூத்த சகோதரி, பெயர் பவானி. விசுவமடுவில் வீடு. முன்னால் சின்ன முற்றம், பின்னால் தோட்டம், குறுகலான மண் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நாகராசா அண்ணையின் நெல் மில். அத்தான் லாண்ட் மாஸ்டர் உழவு மெசினோடு வயலுக்குப் போய்விடுவார். அக்கா பின் அறையில் தையல் மெசின் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடச் சட்டை தைப்பதில் அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பெயர் உண்டு.

ஒருநாள் வட்சப்பில் எடுத்தவள் வழக்கம்போல என்ன சமைத்தாய், என் மகள் ஆதிரை தமிழ் கதைக்கிறாளோ என்று ஒன்றும் கேட்கவில்லை.

"கௌரி, உன்ர வேலை என்னெண்டு எனக்கு ஒருக்கா வடிவாச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். இவ்வளவு காலமும் என் வேலையை அக்கறையாகக் கேட்ட முதல் உறவு அவள்தான். நான் உச்சி குளிர்ந்து விளக்கிக்கொண்டு போக, நடுவில் மறித்தாள்.

"அப்ப எனக்கு விசர், பைத்தியம் ஒண்டும் இல்லையடி."

"என்ன அக்கா கதை இது?"

"நாகராசா அண்ணை பெரிய மெசின் போட்ட நாளில இருந்து எனக்கு ஒண்டு கேக்குது. மில்லின்ர சத்தம் இல்லை, அது எல்லாருக்கும் கேக்கிறதுதானே. இது அதுக்குக் கீழ. வெளியில லொறியை ஸ்டார்ட்டில விட்டிட்டுப் போனமாதிரி. தைக்கேக்க நெஞ்சுக்குள்ள வந்து நிக்குது. தலை இடிக்குது. அத்தானுக்குக் கேக்கேல்லையாம். ஒருத்தருக்கும் கேக்கேல்லையாம்."

லொறி என்றதும் எனக்குப் புல்லரித்தது. வெதுப்பகத்துக்குப் பக்கத்து டெனிஷ்காரியும் விசுவமடுப் பவாக்காவும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. இருவருக்கும் வாயில் வந்தது ஒரே லொறிதான்.

ஆனால் விசுவமடுவில் சங்கதி வேறு மாதிரித் திரும்பியிருந்தது. கேட்காத சத்தம் கேட்கிறது என்று வன்னியில் ஒரு பெண் சொன்னால், எல்லாருக்கும் உடனே ஒரு காரணம் கையில் இருக்கிறது. "சண்டைக் காலத்துச் சத்தம் அவாவின்ர தலையை விட்டுப் போகேல்லை" என்று ஒழுங்கை முழுக்கக் கதை. இரக்கத்தோடுதான் சொன்னார்கள், குறை சொல்ல முடியாது. அத்தானும் நம்பிவிட்டார். வவுனியாவில் டொக்டரிடம் காட்டி, அங்கேயே தன் தங்கச்சி வீட்டில் சில மாதம் விட்டு வைத்தால் தெளிந்துவிடும் என்று ஏற்பாடும் செய்துவிட்டார்.

"டொக்டரிட்டப் போறதுக்கு எனக்கு வெக்கமில்லை" என்றாள் அக்கா. "தேவையெண்டா நானே போவன். ஆனா இது அது இல்லையடி. குண்டு போடுற கிபிர் பிளேன்ர சத்தம் எது, ஷெல் சத்தம் எது, மில் சத்தம் எது எண்டு எனக்குப் பிரிச்சுத் தெரியாதோ? கிபிர் வரமுதல் பங்கருக்குள்ள ஓடுங்கோ எண்டு முதல் கத்தினது ஆர்? நான்தானே! அண்டைக்கு எல்லாரும் என்ர காதை நம்பித்தானே ஓடினவை?"

அது உண்மை. எங்கள் வீட்டில் அவளுடைய காதுதான் சைரன். நானும் அந்தக் காதை நம்பி ஓடியவள்தான்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்கே இப்ப கொஞ்சம் சந்தேகமா இருக்கு, கௌரி. அதுதான் பயம்."

லீவுக்கு எழுதிப் போட்டேன்.

4

கருவியை ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டபோது பென்ட் ஒரு படிவம் தந்தார். அதில் "அளவீட்டைக் கேட்டவர்" என்ற இடத்தில் "அக்கா" என்று எழுதினேன். அவர் அதை நிறுவனத்தின் பெயர் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஒலிவாங்கிகளையும், நிலத்தில் ஒட்டுகிற சின்ன இரும்புக் குமிழ்களையும் கண்டதும் சுங்க அதிகாரியின் புருவம் மேலே போனது. சத்தமும் அதிர்வும் அளக்கிற சாமான் என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்து, திருப்பிக் கொண்டுபோவேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, மெல்லக் கேட்டார்: "மிஸ், எங்கட வீட்டுக்குப் பக்கத்தில மரம் அரியிற மரக்காலை ஒண்டு இருக்கு. வந்து அளக்க ஏலுமா?"

ஆதிரையும் கூட வந்தாள். பல்கலைக்கழகம் போகிறவள். அவளுக்குத் தமிழ் விளங்கும், மறுமொழி மட்டும் டெனிஷில் வரும். தலையில் எப்போதும் ஒரு பெரிய ஹெட்போன். அதைக் கழற்றினால் காது குளிருமோ என்னவோ. விமானத்தில் நான் சொன்ன கதைகளில் பாதி அந்த ஹெட்போனுக்கு வெளியில்தான் நின்றிருக்கும்.

நாங்கள் அக்கா வீட்டில் வந்திறங்கியபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. வாடகை வானிலிருந்து பெட்டியை இறக்க முதலே நின்றுவிட்டது. நாகராசா அண்ணை கையில் இரண்டு இளநீரோடு ஒழுங்கையைக் கடந்து வந்தார்.

நல்ல மனிதர். அவருடைய தகப்பன் காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மற்றவர் வயலில் வேலை செய்து, பிறகு சொந்தக் காணி எடுத்து, இப்போது மில். வெளியில் எங்களைப் போலத்தான் கதைப்பார். மனம் இளகினால் மட்டும் மலைநாட்டுத் தமிழ் வரும். அக்காவுக்கும் அவரோடு ஒரு கோபமும் இல்லை. அவளுடைய நெல்லும் அங்கேதான் குத்துப்படுகிறது.

"பவானித் தங்கச்சி சொன்னவா. அதுக்கெண்டே வெளிநாட்டில இருந்து வந்திருக்கிறியள். நல்லா அளந்து பாருங்கோ" என்றார் அவர். "நானும் இஞ்ச எத்தினை தரம் வந்து இருந்து பாத்திட்டன். ஒரு சத்தமும் இல்லை. பிரதேச சபைக் கந்தோரில இருந்து ஒரு ஐயாவைக்கூட நானே கூட்டிக்கொண்டு வந்தனான். உந்த ஹோல் கதிரையிலதான் இருந்தவர். சோடா குடிச்சிட்டு, ஒண்டும் கேக்கேல்லை எண்டு போட்டார்."

அடுத்த நாள் காலை பின் அறையில் தையல் மெசினுக்குப் பக்கத்து மூலையில் ஒலிவாங்கியை நிறுத்தினேன். நிலத்தில் குமிழை ஒட்டினேன். மின்விசிறி, பிரிட்ஜ் எல்லாம் நிப்பாட்டி, அத்தானையும் ஆதிரையையும் வெளியில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மில் தொடங்கவில்லை. வெயில் ஏறியும் தொடங்கவில்லை. போய்ப் பார்த்தால், நெல் மூட்டைகளோடு வந்தவர்களை நாகராசா அண்ணை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணை மெசின் போடேல்லை?"

"நீங்கள் சத்தம் அளக்கேக்க நான் சத்தம் போடலாமோ பிள்ளை? ஆறுதலா அளந்து முடியுங்கோ. அதுமட்டும் நான் மெசினில கையே வைக்கமாட்டன்."

நான் அப்படியே நெல் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். டென்மார்க்கில் நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் சில தொழிற்சாலைக்காரர்கள் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து வைப்பார்கள். அது கள்ளம், அதைப் பிடிக்க எங்களுக்கு வழி தெரியும். அன்பினால் மில்லைப் பூட்டி வைக்கிற மனிதரை எப்படிப் பிடிப்பது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

5

மெசினைப் போடச் சொல்லிக் கெஞ்சி ஒருமாதிரி அளந்தேன். எண்கள் தெளிவாக வந்தன. மூலையில் அடிச்சத்தம் உண்டு, நிலத்தில் அதிர்வும் உண்டு. கருவியின் திரையில் நெளிந்த கோட்டை அத்தானிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு" என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை, உன்ர அக்காவில உனக்குப் பாசம். அதால மெசினுக்கும் பாசம் வந்திட்டுதோ தெரியாது" என்றார். அத்தானுக்கு லாண்ட் மாஸ்டர் ஓட்டி ஓட்டிக் காது மந்தம். தனக்குக் கேட்காத ஒன்று ஒரு திரையில் கோடாக நெளிவதை அவர் எப்படி நம்புவார்? வவுனியாவுக்கு வான் சொல்லியாகிவிட்டது, நாங்கள் திரும்புகிற அன்றைக்கே பவாக்காவையும் வழியில் இறக்குவது என்று.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டு சட்டைக் கொலர் வெட்டிக்கொண்டிருந்தாள். சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போதுதான் ஆதிரை தன் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றிப் பெரியம்மாவின் தலையில் மாட்டிவிட்டாள். மில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கிற பொத்தானை அமுக்கினாள். அது வெளிச்சத்தத்தை, அதிலும் அடிச்சத்தத்தை, அழித்துவிடுகிற சாதி ஹெட்போன்.

அக்காவின் கத்தரிக்கோல் நின்றது. "நிண்டிட்டுது" என்றாள். ஆதிரை பொத்தானை விட்டாள். "வந்திட்டுது!" திரும்ப அமுக்கினாள். "நிண்டிட்டுது, கௌரி!"

"தலைக்குள்ள இருந்தால் இது போட்டாலும் கேட்கும். வெளியில இருக்கு, பெரியம்மா" என்றாள் ஆதிரை. சுத்தத் தமிழில்! தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஏற்றி இறக்கிய சனிக்கிழமைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வசனம் போதும் என்று எனக்குப் பட்டது.

அத்தான் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்ப அதையே போட்டுக்கொண்டு இருக்கட்டுமன்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னாள்: "இப்ப எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா மற்றாக்களுக்குக் கேக்காதவரைக்கும் நான் விசரிதான்."

அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு நாகராசா அண்ணையின் இளநீர் ஞாபகம் வந்தது. வந்தார், மில் நின்றிருந்தது. முந்தநாள் அக்காவுக்கு அரிசி கொண்டுவந்து தந்தார், மில் நின்றிருந்தது. எழும்பி நேரே மில்லுக்குப் போனேன்.

"அண்ணை, மெசின் ஓடிக்கொண்டிருக்கேக்க நீங்கள் எப்பவாவது எங்கட வீட்டை வந்திருக்கிறியளோ?"

அவர் தலையைச் சொறிந்தார். "மெசினை ஓடவிட்டிட்டு எப்பிடிப் பிள்ளை வாறது? பெல்ட் ஓடேக்க ஆள் விலகக்கூடாது. அப்பாவின்ர சாறத்தை ஒருக்கா பெல்ட் இழுத்துப் போட்டுது, மயிரிழையில தப்பினவர். அண்டையில இருந்து நான் தண்ணி குடிக்கப் போறதெண்டாலும் நிப்பாட்டிப்போட்டுத்தான் போவன்."

"வேற ஆரும் ஓட்டுறதோ?"

"ஒருத்தர்ட்டையும் குடுக்கமாட்டன்."

நான் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டைக் கைகாட்டினேன். அவர் திரும்பி வீட்டைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு விளங்கிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் கேட்கிற அவருடைய மில்லைத் தள்ளி நின்று கேட்காத ஒரே மனிதர் அவர்தான். அவருடைய சாட்சியை நம்பித்தான் ஒழுங்கை முழுக்க பவாக்காவுக்கு இரக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப ஆரையாவது மெசினில விட்டிட்டுத்தான் வரோணும்" என்று மெதுவாகச் சொன்னார். பெண் கொடுக்கச் சம்மதிக்கிற தகப்பனின் முகம் மாதிரி இருந்தது. "ஆரை விடுறது?"

"அத்தான் எஞ்சின் வேலை தெரிஞ்சவர்" என்றேன்.

6

அத்தானுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மில் ஓட்ட அவருக்கு உள்ளூர எவ்வளவு காலத்து ஆசை என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. நாகராசா அண்ணை ஒரு முழுக் காலையும் அவருக்குப் பாடம் எடுத்தார். சாறத்தை மாற்றிக் காற்சட்டை போடச் செய்தார். எந்த நெம்புகோலை எப்போது தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று கத்திக் கத்திச் சொன்னார். நெல் மூட்டைகளோடு வந்து நின்றவர்கள் இலவசமாகக் கூத்துப் பார்த்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாகராசா அண்ணை வந்தார். பழக்கத்தில் ஹோலின் நடுக் கதிரையில் இருக்கப் போனவரை அக்கா மறித்தாள்.

"அதில இல்லை அண்ணை. உள்ள வாங்கோ."

அவர் பின் அறை வாசலில் தயங்கி நின்றார். உள்ளே கட்டில், கொடியில் அக்காவின் சேலைகள், தைத்து முடியாத சட்டைகள். அயல் ஆண் ஒருவர் கால் வைக்கிற இடமில்லை அது. அவருக்கும் கூச்சம், அக்காவுக்கும் கூச்சம். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "இதில நிண்டே கேக்கிறனே தங்கச்சி" என்றார்.

"நான் எந்த இடத்தில இருந்து கேக்கிறனோ அந்த இடத்தில இருந்து கேளுங்கோ" என்றாள் அக்கா.  வழி விட்டு விலகி நின்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், தையல் மெசினுக்கு முன்னால் மூலை ஸ்டூலில் இருந்தார்.

அத்தானின் காதை நம்பிப் போன் பண்ண முடியாது. அதனால் ஆதிரை மில்லில் அவருக்குப் பக்கத்தில் போனோடு நின்றாள். சொன்னேன். மில் தொடங்கியது.

"ஓம், ஓடுது" என்று நாகராசா அண்ணை சிரித்தார். "இது தெரிஞ்ச சத்தம்தானே."

"இது இல்லை அண்ணை. பொறுங்கோ" என்று அக்கா ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிப்பாட்டினாள். மேலே நின்ற கடகடப்பு எல்லாம் வெளியே போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுக்கூட மெல்ல விட்டோம்.  கருவியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. அவருக்குக் கேட்காவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே எண்ணம்தான். எல்லாக் காதுக்கும் அது கேட்பதில்லையே.

அவர் கண்ணை மூடினார். தலையை ஒரு பக்கம் சரித்தார். கையைச் சுவரில் வைத்தார். சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது.

"இது என்ன?" என்றார்.

காதையும் சுவரோடு ஒட்டிப் பார்த்தார்.

"இது என்ர மெசின் இல்லை. என்ர மெசின்ர சத்தம் எனக்குத் தெரியும். வேற ஆரோ..." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பக்கத்தில வேற ஆரும் மில் போட்டிருக்கினமோ?" தொழில் போட்டிக்காரன் வந்துவிட்டானோ என்ற கவலை அந்த நேரத்திலும் முகத்தில் தெரிந்தது.

"நிப்பாட்டச் சொல்லு" என்று ஆதிரைக்குப் போனில் சொன்னேன். மில் நின்றது. சுவரில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. அறையில் ஒன்றும் இல்லை. தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால் ஒரு சேவல் கூவுவது மட்டும் கேட்டது.

"போடச் சொல்லு." வந்தது. நெஞ்சில் வந்து நின்றது.

அவர் என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். "பிள்ளை, நிப்பாட்டச் சொல்லு" என்றார். நின்றது. "போடச் சொல்லு." வந்தது. "நிப்பாட்டு." திரும்பத் திரும்ப அப்படியே செய்தார். மில்லில் அத்தான் நல்ல சந்தோசத்தில் போட்டுப் போட்டு நிப்பாட்டியிருப்பார். கடைசியில் போனை மடியில் வைத்துவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார்.

"என்னுதுதாம்மா" என்றார். மலைநாட்டுத் தமிழ் வந்துவிட்டது. "என்னோட மெசின்தான். இதையா இவ்வளவு நாளும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? நான் வந்து வந்து ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் போனேனே."

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தன் இரண்டு காதுகளையும் கைகளால் ஒருதரம் தடவிவிட்டுக்கொண்டாள்.

நாகராசா அண்ணை என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்டார். மெசின் நிற்கிற கொங்கிறீற்றைச் சுற்றிப் பள்ளமாகக் கான் வெட்டிப் பிரிக்க வேண்டும், கீழே தடித்த றப்பர் வைக்க வேண்டும், தவிட்டை ஊதித் தள்ளுகிற பெரிய புளோவரைச் சமன் செய்ய வேண்டும் என்று சொன்னேன். அறுவடை நெருக்கடி முடிந்ததும் முதல் வேலை அதுதான் என்றார். பிள்ளையார் மேல் சத்தியமும் செய்தார்.

"அது ஆறுதலாச் செய்யலாம் அண்ணை" என்றாள் அக்கா. "இப்ப எழும்பிப் போயிடாதேங்கோ. இவர் மில்லில இருந்து வரட்டும். எனக்குச் சொன்னதை அவருக்கும் ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

அத்தான் தலையெல்லாம் தவிட்டுத் தூளோடு, வெற்றி வீரனைப் போல வந்து சேர்ந்தார். நாகராசா அண்ணை முற்றத்தில் நின்று சொன்னார். அத்தானுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார். நாகராசா அண்ணை கையைக் குவித்து வைத்துக்கொண்டு கத்தினார்:

"தங்கச்சி சொன்னது முழுக்க உண்மை! எனக்கும் கேட்டது! என்ர மெசின்தான்!"

மில் வாசலில் நெல்லோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் எழும்பின. அத்தான் கொஞ்ச நேரம் தவிட்டைத் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "அப்ப என்ர தங்கச்சி வீட்டை போகத் தேவையில்லையோ?" என்று கேட்டார்.

"வான் சொன்னது சொன்னதுதானே" என்றாள் பவாக்கா. "நீங்கள் போய் நிண்டிட்டு வாங்கோ."

ஒழுங்கையே சிரித்தது. அத்தானும் சிரித்தார். பின்னேரம் நாகராசா அண்ணை திரும்ப மில்லைப் போட்டார். மூலையில் அந்தச் சத்தம் முன்பிருந்த அளவில்தான் இருந்தது, கருவியில் ஒரு புள்ளியும் குறையவில்லை. பவாக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து கொலரைத் தைக்கத் தொடங்கினாள்.